டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் மருத்துவமனை பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, தையலும் பிரித்தாயிற்று. ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து மருத்துவமனையின் பில்லிங் பிரிவிலிருந்து போன்: "உங்க கணக்குல இன்னும் 38,000 ரூபாய் பாக்கி இருக்கு, எப்ப கட்டுறீங்க?" தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்த பல குடும்பங்களுக்கு இது தெரிந்த அனுபவம்தான். பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிடுகிறவர்கள் உண்டு. கோபத்தில் போனை வைத்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்ததும் தவிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். கேட்கிற பணம் எதற்கு என்று எழுத்தில் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. காட்டிய பிறகு அது நியாயமான பாக்கி என்றால் கட்ட வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்றே எல்லாம் கட்டிவிட்டோம். அதற்கு அப்புறம் எப்படி பில் வரும்?

பெரும்பாலும் இன்ஷூரன்ஸ்தான் காரணம். கேஷ்லெஸ் முறையில், அதாவது பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டும் முறையில் சிகிச்சை எடுத்தால், டிஸ்சார்ஜ் நேரத்தில் அந்த நிறுவனமோ அதன் சார்பில் கிளெய்ம்களைப் பார்க்கும் டிபிஏ என்ற இடைநிலை நிறுவனமோ ஒரு தொகைக்கு ஒப்புதல் கொடுக்கும். அதை நம்பித்தான் மருத்துவமனை உங்களை வீட்டுக்கு அனுப்புகிறது. பில்களை முழுதாகச் சரிபார்த்துப் பணம் அனுப்பும்போது நிறுவனம் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடித்தத்தைத்தான் மருத்துவமனை உங்களிடம் கேட்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. பயாப்ஸி மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பியிருப்பார்கள், அதன் கட்டணம் பிறகு வந்து சேரும். வெளியிலிருந்து வந்து பார்த்த நிபுணரின் கட்டணத்தை அன்று ஏற்றாமல் விட்டிருப்பார்கள். ஆபரேஷனில் வைத்த இம்பிளான்ட்டின் விலை தாமதமாக ஏறியிருக்கும். சில சமயம் நீங்கள் கட்டிய அட்வான்ஸையே வரவு வைக்க மறந்திருப்பார்கள். இதில் எந்தக் காரணம் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டியதில்லை.

போன் வந்தால் என்ன சொல்ல வேண்டும்?

பொறுமையாக, ஒரே வாக்கியம்: "விவரத்தை எழுத்துல அனுப்புங்க, பார்த்துட்டு பதில் சொல்றேன்." அவ்வளவுதான். "கட்டிடறேன், கொஞ்சம் டைம் கொடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எழுத்தில் ஒப்புக்கொண்டது பின்னால் உங்களுக்கு எதிராகவே வரும். "ஒரு ரூபா தர மாட்டேன்" என்று கத்துவதும் வீண். போன் செய்கிற பெண்ணோ பையனோ அந்தப் பில்லைப் போட்டவர் அல்ல.

அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பில்லிங் பிரிவுக்கு மட்டும் அனுப்பாமல் நிர்வாக அலுவலருக்கும் நகல் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, என் தாயார் தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆனார். உள்நோயாளி எண் இது. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த இறுதி பில்லின்படி நாங்கள் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்தி ரசீது பெற்றுள்ளோம். இன்று தொலைபேசியில் மேலும் ஒரு தொகை பாக்கி என்று கூறினர். அந்தத் தொகை எந்த இனத்துக்கு, எந்தத் தேதியின் சேவைக்கு, ஏன் இறுதி பில்லில் இடம்பெறவில்லை என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். விரிவான பில், மருந்துக் கணக்கு, காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் கடிதம், பணம் அனுப்பியபோது கொடுத்த செட்டில்மென்ட் கடிதம் ஆகியவற்றின் நகல்களை அனுப்பவும். அவற்றைப் பார்க்கும் வரை இந்தத் தொகையை நாங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு மின்னஞ்சலோடு அழைப்பு நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு காட்ட முடியாத பாக்கியை யாரும் நெடுநாள் துரத்துவதில்லை.

பணம் கட்ட வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். நோயாளியின் பெயரும் டிஸ்சார்ஜ் தேதியும் தெரிந்திருப்பதாலேயே அழைப்பவர் மருத்துவமனைக்காரர் ஆகிவிட மாட்டார். உங்கள் பழைய ரசீதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். கட்டுவது என்று முடிவானாலும் மருத்துவமனைப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கோ நேரில் கவுன்ட்டரிலோ கட்டுங்கள், தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி பாக்கி என்றதும் அவர்கள்தான் யோசிக்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

விரிவான பில்லும் மருத்துவக் குறிப்புகளும் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

ஆம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில், இனம் இனமாகப் பிரித்த பில் பெறும் உரிமை இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிக் குறிப்புகளை சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் கொடுக்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது. இந்த மூன்றையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் பதில் வேகமாக வரும்.

விரிவான பில் வந்துவிட்டது. பத்துப் பக்கம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஒரு சாயங்காலம் இதற்கென்றே உட்காருங்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத்தான் என்ன நடந்தது என்று தெரியும்.

முதலில் மருந்துக் கணக்கு. வார்டில் இருக்கும்போது மொத்தமாக மருந்து வாங்கி வரச் சொல்வார்கள். மிஞ்சியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்தத் தொகையைக் கழிக்க வேண்டும். திருப்பிக் கொடுத்த ஊசிகள் கழிக்கப்படாமலே நின்ற பில்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஊசியின் எண்ணிக்கையையும் நர்ஸ் எழுதும் மருந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அட்டவணையில் நாளைக்கு இரண்டு வேளை என்றிருந்தால் பில்லில் நான்கு வரக் கூடாது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் போட்டிருந்தால் அது சட்ட விரோதம்.

அடுத்து தேதிகள். டிஸ்சார்ஜ் ஆன நாளுக்குப் பிந்தைய தேதியில் ஏதாவது சேவை இருக்கிறதா? ஒரே ஸ்கேன் இரண்டு முறை ஏறியிருக்கிறதா? ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளில் இரண்டுக்கும் முழு வாடகை போட்டிருக்கிறார்களா? டாக்டர் வருகைக் கட்டணத்தை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கேஸ் ஷீட்டிலும் உள்ள குறிப்புகளோடு பாருங்கள். வந்து பார்த்த டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரியாவது எழுதியிருப்பார்.

இதய ஸ்டென்ட் வைத்திருந்தால் அதற்கு மத்திய அரசு 2017 பிப்ரவரி முதல் உச்ச விலை வைத்திருக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று இம்பிளான்ட்டுகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் உச்ச விலை வந்தது. ஸ்டென்ட்டின் விலையை, கம்பெனிப் பெயர், பிராண்டு, பேட்ச் எண்ணோடு பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் இருக்கும், இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

ஜிஎஸ்டி என்று ஏதாவது போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒரு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டும் அறைக்கு மட்டும் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் உண்டு. ஐசியுவுக்கு அதுவும் இல்லை.

"இன்ஷூரன்ஸ் குறைச்சுட்டாங்க, நீங்கதான் கட்டணும்" என்கிறார்கள். அது சரியா?

பாதி சரி. பாலிசியே தராத இனங்கள் உங்கள் பொறுப்பு. கையுறை, டயப்பர், கூட இருப்பவரின் உணவு போல 'தர வேண்டியதில்லை' என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பட்டியல் போட்டிருக்கும் பொருட்கள், கோ-பே என்று நீங்கள் ஏற்றுக்கொண்ட பங்கு, காப்பீட்டுத் தொகைக்கு மேல் போன செலவு எல்லாம் இதில் வரும்.

மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவில் உள்ள கணக்கு அப்படியல்ல. கேஷ்லெஸ் மருத்துவமனை ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் வாங்குவேன் என்று நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒப்பந்த விலைக்கு மேல் பில் போட்டு அதை நிறுவனம் வெட்டினால், அந்த வித்தியாசத்தை உங்களிடம் கேட்பது நியாயமில்லை. அதனால்தான் செட்டில்மென்ட் கடிதத்தைக் கேட்கச் சொல்கிறேன். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே காரணம் எழுதியிருக்கும். 'ஒப்பந்தக் கட்டணப்படி', 'மருத்துவமனைத் தள்ளுபடி' என்ற பொருளில் இருந்தால் அது அவர்கள் இருவருக்குள் தீர்க்க வேண்டியது. அந்த வரியைச் சுட்டிக்காட்டி, அதைக் கட்ட மாட்டோம் என்று தைரியமாக எழுதுங்கள்.

காரணமே போடாமல் பிடித்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். ஒரு கிளெய்மில் கொஞ்சம் குறைத்தாலும் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 மே 29-ஆம் தேதி ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை. தேவையான ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்து நிறுவனமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

அறை வாடகை வரம்பைத் தாண்டியதால் மொத்த பில்லிலும் வெட்டிவிட்டார்கள். இது என்ன கணக்கு?

தாமதமாக வரும் பெரிய பாக்கிகளில் பலவும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. வெட்டு தவறாகப் போடப்படுவதும் இங்கேதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பாலிசி 5 லட்சம். அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது ஒரு நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறை 8,000 ரூபாய், நான்கு நாள். வாடகை 32,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் சேர்த்து 1,20,000. மருந்து 45,000. பரிசோதனைகள் 18,000.

வாடகையில் 20,000 தான் கிடைக்கும், 12,000 உங்கள் கைப்பணம். ஐந்தாயிரத்தை எட்டாயிரத்தால் வகுத்தால் 62.5 சதவீதம். அந்த விகிதம் சர்ஜன், தியேட்டர் கட்டணங்களுக்கும் பொருந்தும் என்பதால் 1,20,000-இல் 75,000 கிடைக்கும், 45,000 உங்கள் பொறுப்பு. ஆக 57,000. கசப்பாக இருந்தாலும் பாலிசியில் அந்த விதி இருந்தால் இது சரியான வெட்டு.

ஆனால் மருந்து, இம்பிளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. 2020-இல் ஐஆர்டிஏஐ இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேலே சொன்ன கணக்கில் மருந்தும் பரிசோதனையும் சேர்ந்த 63,000-லும் 37.5 சதவீதம் வெட்டியிருந்தால், 23,625 ரூபாய் தவறாகப் போயிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அறை எதுவானாலும் ஆபரேஷன் கட்டணம் ஒன்றுதான் என்ற மருத்துவமனைகள் உண்டு. அங்கே இந்த விகித வெட்டே செல்லாது. "எங்களிடம் அறை வகையைப் பொறுத்து சிகிச்சைக் கட்டணம் மாறாது" என்று மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் சர்ஜன், தியேட்டர் கட்டணத்தில் வெட்டிய அந்த 45,000-மும் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. மருத்துவமனைக்கும் பாக்கி வசூலாகும் என்பதால் பெரும்பாலும் கடிதம் கொடுத்துவிடுவார்கள்.

காப்பீட்டு ஒப்புதல் வரத் தாமதமானதால் ஒரு நாள் கூடுதல் வாடகை போட்டிருக்கிறார்கள். அதையும் நாங்களா கட்டுவது?

இல்லை. மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் நிறுவனம் இறுதி ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வாங்கினால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். இதுவும் அதே 2024 சுற்றறிக்கைதான். எத்தனை மணிக்குக் கோரிக்கை போனது, எத்தனை மணிக்கு ஒப்புதல் வந்தது என்பதை இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டு வாங்குங்கள்.

அட்மிஷன் நேரத்தில் "இன்ஷூரன்ஸ் தராததை நான் கட்டுகிறேன்" என்று கையெழுத்து போட்டிருக்கிறேன். மாட்டிக்கொண்டேனா?

ஸ்ட்ரெச்சரில் அப்பாவை வைத்துக்கொண்டு யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. உண்மையில் வழங்கிய சேவைக்கு, நியாயமான கட்டணத்துக்கு அது உங்களைக் கட்டுப்படுத்தும். தவறாகப் போட்ட பில்லுக்கோ செய்யாத பரிசோதனைக்கோ ஒப்பந்த விலைக்கு மேல் போட்டதற்கோ அது லைசென்ஸ் ஆகாது. கையெழுத்திட்ட அந்தத் தாளின் நகலையும் மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கேளுங்கள்.

தாமதமாக வந்த பில் நியாயமானதுதான். அதை இன்ஷூரன்ஸில் திரும்ப வாங்க முடியுமா?

பல நேரம் முடியும். பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான செலவுகளுக்கு இடம் உண்டு. இன்னும் அதிக நாள் தரும் பாலிசிகளும் இருக்கின்றன. பயாப்ஸி கட்டணம், மறுபரிசோதனை, பிசியோதெரபி, தொடர் மருந்துகள் இதில் வரும். ரசீது, டாக்டரின் சீட்டு, ரிப்போர்ட் மூன்றும் சேர்த்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேளுங்கள். காலக்கெடு தாண்டிவிட்டது என்றால் மருத்துவமனையே பில்லைத் தாமதமாகக் கொடுத்ததை எழுதி, அந்த மின்னஞ்சலை இணையுங்கள். தாமதத்தை மட்டுமே காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011-லேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

சிறிய நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து டாக்டருக்குத் தனியாகக் கையில் பணம் கொடுக்கச் சொல்வார்கள். ரசீது இல்லாமல் கொடுத்தால் அது திரும்ப வராது. கொடுப்பதற்கு முன்பே ரசீது கேளுங்கள், இல்லாவிட்டால் மருத்துவமனை பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் தவறாக வெட்டியிருக்கிறது. யாரிடம் போவது?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியான இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது, ஆன்லைனிலும் மனு போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். ஆம்புட்ஸ்மேனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தயங்காமல் போங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இந்தக் கதவைத்தான்.

தவறு மருத்துவமனையுடையது என்றால்?

ஆம்புட்ஸ்மேன் மருத்துவமனை மீதான புகாரை எடுக்க மாட்டார். அதற்கு நுகர்வோர் வழி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் அவர்கள் மருத்துவமனைக்கு எழுதுவார்கள், சில தகராறுகள் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம்.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பெற்றவை. மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். விரிவான பில்லோ கேஸ் ஷீட்டோ தர மறுக்கிறார்கள் என்றால் அவருக்கும் ஒரு மனு கொடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை எடுத்தோம். இப்போது பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை திட்டமே தருகிறது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே பணம் வாங்குவது மன்னிக்க முடியாத காரியம். புகார் கொடுக்கப் பயப்பட வேண்டாம்.

எத்தனை நாள் கழித்து வரை கேட்கலாம்?

காலவரம்புச் சட்டப்படி பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான். ஆனால் அதற்குள் நீங்கள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்த 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். காலம் கடந்துபோன கடனுக்குக்கூட "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடும். "சும்மா ஆயிரம் ரூபாயாவது கட்டுங்க" என்று கெஞ்சுவது பல சமயம் இதற்காகத்தான்.

டிஸ்சார்ஜ் அன்று தொகை எழுதாத காசோலை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதை அலட்சியமாக விடக் கூடாது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையில் வேறொருவர் தொகையை நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, "பாக்கி தகராறில் இருக்கிறது, எழுத்தில் தீரும் வரை இதை வங்கியில் போடக் கூடாது, திருப்பித் தரவும்" என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். ஒருவேளை பவுன்ஸ் ஆகி நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் அவகாசம். அந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் குறையுமா? வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களா?

மருத்துவமனை வங்கி அல்ல. பில் பாக்கி, கடன் வாங்கியவர்களின் கணக்கை வைத்திருக்கும் சிபிலுக்கு நேரடியாகப் போகாது. ஆனால் டிஸ்சார்ஜ் நேரத்தில் இன்ஷூரன்ஸ் டெஸ்க் பக்கத்திலேயே ஒரு நிதி நிறுவனத்தில் மெடிக்கல் இஎம்ஐ போட்டிருந்தால் அது கடன், அது போகும். கடன் வாங்கியதே தெரியாமல் ஓடிபி சொன்னவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மெசேஜ்களைத் தேடிப் பாருங்கள்.

ஆள் அனுப்பி மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மறு சிகிச்சைக்குப் போனபோது "பழைய பாக்கி கட்டினால்தான் வெளியே விடுவோம்" என்று நோயாளியைத் தடுத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் சட்ட விரோத அடைப்பு என்ற குற்றம். இறந்தவர் உடலைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது.

அப்பா இறந்துவிட்டார். அவர் பெயரில் பாக்கி என்று கடிதம் வருகிறது.

முதலில் அட்மிஷன் தாளில் யார் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். நீங்கள் போட்டிருந்தால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். போடவில்லை என்றால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் வாரிசு என்ற முறையில் பொறுப்பு. உங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. காரியம் முடியும் வரையாவது தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். வீட்டில் அம்மாவிடம் போனைக் கொடுக்காமல், ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு மின்னஞ்சலில் மட்டும் பேசுவது நல்லது.

எல்லாம் சரிபார்த்தோம், பாக்கி உண்மைதான். ஆனால் கையில் பணம் இல்லை.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளரையோ நிர்வாக அலுவலரையோ நேரில் பாருங்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் சொல்லுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய கட்டணத்தில் குறைக்க முடியும். டிரஸ்ட் நடத்தும் மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார். தவணை கேட்டால் அதை மருத்துவமனையோடே நேரடியாக வைத்துக்கொள்ளுங்கள், வட்டிக் கடனாக மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை தவணை, எவ்வளவு, கடைசித் தவணை என்றைக்கு என்பது தாளில் இருக்கட்டும். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள், வருமான வரிச் சட்டப்படி அவர்கள் வாங்கக் கூடாது.

கடைசித் தொகையைக் கட்டும் அன்று ரசீதோடு நிற்காதீர்கள். "இந்த உள்நோயாளி எண்ணில் இனி நிலுவை எதுவும் இல்லை" என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். கொடுத்து வைத்த காசோலை இருந்தால் அதையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.